அவுக வைக்கட்டும்

போனை முதலில் வைக்கத் தெரியாத ஒரு மனிதரோடு நான் ஆறு வருடம் வேலை பார்த்திருக்கிறேன். சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டில், ஒரு கமிஷன் கடையில். எங்கள் எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. அவர் எடை போடுவார். நான் சீட்டு எழுதுவேன். விலை கேட்டு வரும் போனையெல்லாம் எடுப்பதும் அவர்தான். அப்படிப்பட்ட ஆளிடம் அந்த வேலையைக் கொடுத்தது எங்கள் முதலாளி செய்த பெரிய தப்பு என்று மார்க்கெட்டில் எல்லோரும் சொல்வார்கள். முதலாளியும் சொல்வார். ஆனாலும் மாற்றவில்லை.

பூ வியாபாரத்தில் போன் பேச்சு என்பது இரண்டு வார்த்தை. விடிந்ததும் குருவிகுளம், திருவேங்கடம் பக்கத்துச் சம்சாரிகள், பூப் போடுகிற விவசாயிகள், கூப்பிட ஆரம்பிப்பார்கள். "பிச்சி?" "முன்னூத்தம்பது." அவ்வளவுதான், வைத்துவிட வேண்டும். அடுத்த ஆள் காத்துக்கொண்டிருப்பான், பூ வேறு வாடிக்கொண்டிருக்கும். நானெல்லாம் விலையைச் சொல்லி முடிப்பதற்குள் சிவப்புப் பொத்தானில் விரலை வைத்துவிடுவேன். இன்றைக்கும் என் வீட்டுக்காரி என்னைப் பற்றிச் சொல்லும் குறைகளில் அது முதலாவது.

அண்ணாச்சி விலையைச் சொல்லிவிட்டு நிற்பார். எதிர்முனையில் இருப்பவர் பேசாமல் வைத்துவிட்டால் சரி. வைக்காவிட்டால் தொலைந்தது. கிணற்று மோட்டாரில் காயில் எரிந்துபோனதைச் சொல்வார்கள், மருமகள் கோபித்துக்கொண்டு போனதைச் சொல்வார்கள். அண்ணாச்சி "ம்" என்பார், "அப்படியா" என்பார், "என்னத்தச் சொல்ல" என்பார். உட்கார்ந்து பேச மாட்டார். எழுந்து நின்று, இடது கையால் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, வலது கையால் பூவை அள்ளித் தட்டில் போட்டபடி பேசுவார்.

"வையும் வே" என்று முதலாளி கல்லாவிலிருந்து சத்தம் போடுவார்.

அண்ணாச்சி போனைக் கையால் பொத்திக்கொண்டு, "அவுக வைக்கட்டும் முதலாளி" என்பார்.

ஒருமுறை கிரெடிட் கார்டு வாங்கச் சொல்லி ஒரு பெண் கூப்பிட்டாள். எல்லோரும் ஒரு வார்த்தையில் கத்தரித்துவிடுகிற போன் அது. அண்ணாச்சி இருபது நிமிஷம் நின்றார். கடைசியில் அந்தப் பெண்ணே அலுத்துப்போய், "சார், வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லிடுங்க, நான் வச்சிடுறேன்" என்றாள். "வேண்டாம்னு முதல்லயே சொல்லிட்டேம்மா. நீங்கதான் பேசிட்டு இருக்கீங்க. சாப்பிட்டாச்சா?" என்றார் இவர். அதற்கப்புறமும் அந்தப் பெண் ஐந்து நிமிஷம் பேசினாள். சாப்பிடவில்லையாம்.

எதற்காக இப்படி என்று நானும் தோண்டிப் பார்த்தேன். சின்ன வயதில் ஏதாவது நடந்திருக்கும், யாராவது பேசிக்கொண்டிருக்கும்போது வைத்து, அது மனதில் நின்றிருக்கும் என்றெல்லாம் நினைத்தேன். ஒன்றும் இல்லை. "பேசி முடிஞ்சா வைக்க வேண்டியதுதான அண்ணாச்சி" என்று கேட்டதற்கு, "முடிஞ்சுதா இல்லையான்னு நமக்கு எப்படித் தெரியும்" என்றார். அதையும் கொட்டாவி விட்டுக்கொண்டே சொன்னார். அதிகாலை மூன்றரைக்கு எழுந்து வருகிற மனிதர். எப்போது பார்த்தாலும் அசதிதான். பதினோரு மணிக்கு மார்க்கெட் ஓய்ந்ததும் சாக்கை விரித்துப் படுத்துவிடுவார். காதுக்குப் பக்கத்தில் போன் இருக்கும்.

ஒரு ஆடித் தபசுத் திருவிழா நெரிசலில் அந்தப் போன் பூவுக்குத் தெளிக்கிற தண்ணீர் டிரம்முக்குள் விழுந்தது. போன் போனால் போகட்டும், சிம்மும் கெட்டுப்போனது. அதே நம்பரை வாங்கலாம் என்று போனால், அது அவர் பேரிலேயே இல்லை. எந்தக் காலத்திலோ யாரோ தன்னுடைய அடையாள அட்டையைக் கொடுத்து வாங்கித் தந்தது. எங்கள் பக்கத்தில் பாதிப்பேர் கையில் இருக்கிற நம்பர் அப்படிப்பட்டதுதான். பஸ் ஸ்டாண்ட் வாசலில் குடை போட்டு சிம் விற்கிறவனிடம் அவன் கொடுத்த நம்பரை வாங்கி, ஒரு பட்டன் போனில் போட்டுக்கொண்டு வந்தார்.

அது புது நம்பர் இல்லை என்பது இரண்டு நாளில் தெரிந்தது. யாரோ ஒரு பெண் ரீசார்ஜ் போடாமல் விட்ட நம்பர். கம்பெனிக்காரன் அதை எடுத்து இவர் தலையில் கட்டியிருந்தான். மகளிர் குழுவிலிருந்து அந்தப் பெண்ணைக் கேட்டுப் போன் வந்தது. தவணைக்குச் சேலை கொடுத்தவர் கேட்டார். பள்ளிக்கூடத்து டீச்சர் கேட்டார். மற்றவர்களானால் ராங் நம்பர் என்று சொல்லி வைப்பார்கள். இவர் அவர்கள் சொன்னதையெல்லாம் கேட்டார். ஒரே மாதத்தில் அந்தப் பெண்ணுக்கு இரண்டு பெண்பிள்ளைகள், வீட்டுக்காரர் கேரளாவில் வேலையில் இருக்கிறார் என்கிற அளவுக்கு எங்களுக்குத் தெரிந்துபோனது.

புரட்டாசி வந்தது. முகூர்த்தம் இல்லாத மாதம், மார்க்கெட் மந்தம். ஒரு சனிக்கிழமை பத்தேகால் மணி இருக்கும். லேண்ட்லைன் நம்பர் ஒன்றிலிருந்து போன். அந்தப் பட்டன் போனில் பேசுவது பக்கத்தில் இருக்கிற எனக்கும் நன்றாகக் கேட்கும்.

"யக்கா" என்றது ஒரு பையன் குரல்.

"தம்பி, இது அக்கா இல்லப்பா. நம்பர் மாறிருச்சு."

எதிர்முனையில் மூச்சு விடுவது மட்டும் கேட்டது. இவர் வைக்க மாட்டார், அது தெரிந்ததுதான். அவனும் வைக்கவில்லை.

"நீங்க யாரு?"

"சங்கரங்கோயில் பூ மார்க்கெட்ல எடை போடுதேன். இந்த நம்பர் என்கிட்ட வந்து ரெண்டு மாசம் ஆகப் போகுது."

"வச்சிராதீங்க. நான் ஜெயில்ல இருந்து பேசுதேன். இன்னைக்கு விட்டா இனி அடுத்த வாரந்தான்."

"நான் வைக்க மாட்டேன் தம்பி. நான் வைக்கிற ஆளு கிடையாது."

அவனாகவே, "அங்கன என்ன சத்தம்?" என்று கேட்டான். ஏலம் போடுகிறார்கள் என்றார். "பிச்சி என்ன விலை?" என்றான். அவன் அக்கா பூப் பறிக்கப் போகிறவளாம். சின்னப் பையனாக இருக்கும்போது அவனும் கூடப் போவானாம். சம்பங்கி கேட்டான், கேந்தி கேட்டான். அண்ணாச்சி ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தார். "அரளி எம்பது" என்று அவர் சொல்லும்போது எதிரில் ஆள் இல்லை. நேரம் முடிந்ததும் அங்கே மிஷினே கத்தரித்துவிடும் என்பது எங்களுக்கு அப்போது தெரியாது.

அடுத்தடுத்த சனிக்கிழமைகளில் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்தது. ஜெயிலில் இருந்து நினைத்த நம்பருக்கெல்லாம் பேச முடியாது. முதலிலேயே எழுதிக்கொடுத்து, அது யாருடையது, என்ன உறவு என்று விசாரித்து ஏற்றுக்கொண்ட நம்பருக்குத்தான் பேசலாம். அவன் கொடுத்திருந்தது அக்காவின் நம்பர் ஒன்றுதான். அது நின்றுபோய்ப் பல மாதம் கழித்து மறுபடி முயன்று பார்த்திருக்கிறான். வேறு நம்பர் ஏற்ற வேண்டுமானால் வெளியிலிருந்து யாராவது ஆதாரத்தோடு வர வேண்டும். அவனுக்கு வர ஆள் இல்லை. பேசுகிற காசும் அவன் பேரில் இருக்கிற பணத்திலிருந்துதான் போகும். பணம் போட வீட்டு ஆட்கள் வேண்டும். இவன் உள்ளே இருக்கிற வசதியான ஒருவருக்குத் துணி துவைத்துக் கொடுத்தான். அந்த ஆளின் வீட்டார் இவன் பேரிலும் கொஞ்சம் கட்டினார்கள். வாரம் முழுக்கத் துவைத்தால் ஒரு போன்.

அதனால் அவன் பேச ஆரம்பிக்கிற விதமே ஒரு தினுசாக இருக்கும். "மச்சான், நல்லா இருக்கீயளா?" என்று உரக்கக் கேட்பான். அது பக்கத்தில் நிற்கிற காவலருக்காக. அக்கா வீட்டுக்காரர் பேசுகிறார் என்று சொல்லி வைத்திருந்தான். பிறகு குரலைத் தணித்து, "அண்ணாச்சி" என்பான். "நாளைக்கு உங்களையும் விசாரிப்பாங்க, பாத்துக்கிடுங்க" என்றேன். "விசாரிச்சா சொல்லுவோம்லே" என்றார். அவருக்கு எல்லாமே அவ்வளவுதான்.

ஐப்பசி முதல் சனிக்கிழமை அவன் விலை கேட்கவில்லை. மூச்சு வாங்கப் பேசினான்.

"அண்ணாச்சி, எனக்கு ஜாமீன் கெடச்சிருச்சு. இலவச வக்கீலு வாங்கிக் குடுத்தாரு. ஆனா ரெண்டு பேரு கையெழுத்துப் போடணும். ஒருத்தரு ரத்த சொந்தமா இருக்கணுமாம். எனக்கு அக்காவ விட்டா ஆளு இல்ல. வக்கீலும் இந்த நம்பரத்தான் எழுதி வச்சிருக்காரு. நீங்க ஒரு எட்டுப் போய்ச் சொல்லுவீயளா? பனவடலிசத்திரம். அவ வந்தான்னா நான் வெளிய வந்துருவேன். அவ்வளவுதான்."

கேஸ், கிணற்று மோட்டாரின் செம்பு வயரை அறுத்துத் திருடியது. தான் செய்யவில்லை என்று அவன் முன்னாலேயே சொல்லியிருந்தான். செய்தவர்களும் அப்படித்தான் சொல்வார்கள் என்று நான் நினைத்துக்கொண்டேன். அண்ணாச்சி என்ன நினைத்தாரோ தெரியாது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

முந்தின நாள் மழை. ஊருக்குள் திரும்பியதும் கரிசல் மண் டயரில் அப்பிக்கொண்டு மட்கார்டோடு இறுகிவிட்டது. இரண்டு இடத்தில் இறங்கிக் குச்சியால் தோண்டினேன். யார் வீட்டுத் திருடனுக்கோ நான் ஏன் மண் தோண்டுகிறேன் என்று வாய்விட்டே சொன்னேன். அண்ணாச்சியும் ஒரு குச்சியை எடுத்துத் தோண்டினார்.

அந்தப் பெண் வீட்டு முன்னால் பிள்ளைகளின் யூனிபார்மைத் துவைத்துக்கொண்டிருந்தாள். முப்பது வயது இருக்கலாம். முகம் அதற்கு மேல் இருந்தது.

"உங்க பழைய நம்பரு இப்ப என்கிட்டதாம்மா இருக்கு" என்றார் அண்ணாச்சி.

"குழுவுல இருந்து அனுப்புனாங்களா?"

"இல்லம்மா. உங்க தம்பி பேசுதான்."

அவள் தெருவை இரண்டு பக்கமும் பார்த்தாள். எங்களை உள்ளே வரச் சொல்லிவிட்டுக் கதவைப் பாதி சாத்தினாள். அண்ணாச்சி எல்லாவற்றையும் சொன்னார். ஒரு கையெழுத்தை அவரே போடுவதாகவும், தன் பேரில் வீட்டு வரி ரசீது இருப்பதாகவும் சொன்னார். அது எனக்கே புதுச் செய்தி. அவள் ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"அவன் அறுத்ததாச் சொல்லுத வயரு யாரு தோட்டத்துதுன்னு தெரியுமா அண்ணாச்சி? நான் பூப் பறிக்கிற தோட்டத்துது. சுத்தி இருக்கதெல்லாம் தோட்டத்துக்காரரோட சொந்தக்காரங்க தோட்டந்தான். நான் போய்க் கையெழுத்துப் போட்டா மறுநா அங்கன கால் வைக்க முடியாது. பிள்ளைக அப்பா கேரளாவுல இருந்து எப்ப அனுப்புவாருன்னு எனக்கே தெரியாது. ரெண்டு பிள்ளைகள வச்சுக்கிட்டு நான் எங்க போவேன்?"

"அவன் செய்யலன்னு சொல்லுதானேம்மா."

"செஞ்சானோ செய்யலையோ. வாரா வாரம் போன் போட்டு எப்பக்கா வருவ, எப்பக்கா வருவன்னு கேட்டான். என்ன பதிலு சொல்ல? பேசி முடிச்சுட்டு நான் தோட்டத்துல நின்னு அழுவேன், அவுக பாத்துக்கிட்டு இருப்பாக. ஒரு மாசம் ரீசார்ஜ் போடக் கையில இல்ல. போடாட்டா வார போனும் நின்னுரும்னு கடைக்காரரு சொன்னாரு. அப்பத்தான் தோணுச்சு, அதுவா நிக்கட்டும்னு. நானா வெட்டிவிடல அண்ணாச்சி. அதுவா நின்னுது."

அண்ணாச்சி "ம்" என்றார். நான் திட்டத் தயாராக வந்திருந்தேன். திட்ட ஒன்றும் கிடைக்கவில்லை. அவள் வாசல்வரை வந்து, மெதுவாகச் சொன்னாள்: "என்னப் பாத்தேன்னு அவன்கிட்டச் சொல்லிராதீங்க. வீடு பூட்டிக் கெடந்துதுன்னு சொல்லுங்க. அக்கா எங்கயோ போயிட்டான்னு நெனச்சுக்கிடட்டும்."

திரும்பி வரும்போது வண்டிக்குப் பின்னாலிருந்து, "எனக்குப் பொய் சொல்ல வராதுலே" என்றார்.

"ரெண்டு வார்த்த அண்ணாச்சி. வீடு பூட்டியிருந்துது. சொன்ன உடனே வச்சிருங்க. பேசப் பேசத்தான் மாட்டிக்கிடுவீங்க" என்றேன். நான் சொன்ன யோசனைதான் அது. இன்றுவரை அதை நான் யார்மேலும் தள்ளிவிட முடிந்ததில்லை.

சனிக்கிழமை காலையிலிருந்து அவர் டீ குடிக்கவில்லை. பத்தேகாலுக்குப் போன் வந்தது.

"மச்சான், நல்லா இருக்கீயளா?" என்றான் உரக்க. பிறகு, "அண்ணாச்சி, அக்காவப் பாத்தீயளா?"

"போனேன் தம்பி."

"என்ன சொன்னா?"

"வீடு பூட்டியிருந்துது."

"பூட்டியிருந்துதா? எங்கன போயிருக்கான்னு பக்கத்துல கேட்டீயளா? பிள்ளைகளாவது இருந்துச்சா? எப்பத்துல இருந்து பூட்டிக் கெடக்காம்?"

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். பள்ளிக்கூடத்தில் பதில் தெரியாத பிள்ளை பார்ப்பதுபோலப் பார்த்தார். நான் கட்டைவிரலைக் காட்டி, அமுக்குங்கள் என்று சைகை செய்தேன். அவர் போனைக் காதிலிருந்து எடுத்துச் சிவப்புப் பொத்தானை அமுக்கினார்.

பேச ஆரம்பித்து ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. அவன் ஒரு வாரம் துணி துவைத்த போன். அண்ணாச்சி கையிலிருந்ததை எங்கே வைப்பது என்று தெரியாமல் தராசுத் தட்டில் வைத்தார். எண்பத்தைந்து கிராம் காட்டியது.

"வச்சிட்டேம்லே" என்றார்.

அன்று முழுக்க அதையே சொன்னார். எடையைத் தப்பாகச் சொன்னார். பிறகு அந்த லேண்ட்லைன் நம்பருக்குக் கூப்பிட்டுப் பார்த்தார். யாரும் எடுக்கவில்லை. அங்கிருந்து இங்கே பேசலாமே தவிர, இங்கிருந்து அவனைக் கூப்பிட வழியில்லை. தெரிந்தும் கூப்பிட்டார், மறுநாளும் கூப்பிட்டார். அடுத்த சனிக்கிழமை போன் வரவில்லை. முதலாளிகூட அந்த வாரம் அவரை ஒன்றும் சொல்லவில்லை.

அந்தப் பையன் பிறகு வெளியே வந்துவிட்டான். அண்ணாச்சி வக்கீலைத் தேடிப் போய் நின்று, ரத்த சொந்தம் வேண்டும் என்ற நிபந்தனையைத் தளர்த்தக் கேட்டு அவர் மறுபடி மனுப் போட்டு, தை பிறந்து நடந்தது அது. அண்ணாச்சி ஒரு கையெழுத்து, நான் ஒரு கையெழுத்து. நான் போட்டதில் புண்ணியம் ஒன்றும் இல்லை. அந்தக் கட்டைவிரலுக்கு நான் கட்டிய அபராதம். அண்ணாச்சியும் இப்போது மார்க்கெட்டில் இல்லை, கோவில்பட்டியில் மகளோடு இருக்கிறார். ஆனால் அவரை நினைத்தால் எனக்கு நினைவுக்கு வருவது கோர்ட்டு வராந்தா இல்லை. போனை வைத்ததற்கு இரண்டு வாரம் கழித்து வந்த சனிக்கிழமைதான்.

அன்று பத்தேகாலுக்கு மணி அடித்ததும் அவர் எழுந்து நின்றார். உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தார். என்னிடம் காலையிலேயே சொல்லியிருந்தார்.

"மச்சான், நல்லா இருக்கீயளா?"

"தம்பி, நான் ஒண்ணு சொல்லணும்ப்பா. அன்னைக்கு நான் வந்து..."

"ஒண்ணும் சொல்ல வேண்டாம் அண்ணாச்சி. நீங்க வச்சப்பவே தெரிஞ்சுக்கிட்டேன். நீங்க வைக்கிற ஆளு இல்லையே."

அண்ணாச்சி போனை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். நேரம் போய்க்கொண்டிருந்தது. ஏதாவது பேசித் தொலையுங்களேன் என்று எனக்குள் கத்திக்கொண்டிருந்தேன்.

"அக்கா நல்லாத்தான இருக்கா?"

"நல்லா இருக்காப்பா."

"பிள்ளைக?"

"பள்ளிக்கூடம் போகுதுக. நான் போனப்ப அவுகளுக்கு யூனிபார்ம் தொவச்சுக்கிட்டு இருந்தா."

"அவளே தொவச்சாளா?"

"அவதான் தொவச்சா."

"சரி" என்றான். மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பிறகு, "இன்னைக்குப் பிச்சி என்ன விலை அண்ணாச்சி?" என்றான்.

அண்ணாச்சி தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிச்சி சொன்னார். மல்லி சொன்னார், சம்பங்கி சொன்னார். கேந்தியில் மஞ்சளுக்கு ஒரு விலை, ஆரஞ்சுக்கு ஒரு விலை என்று பிரித்துச் சொன்னார். எதிரில் "ம்" "ம்" என்று கேட்டுக்கொண்டிருந்தது. அப்புறம் கேட்கவில்லை. போனில் வெளிச்சம் அணைந்ததை நான் பார்த்தேன். அவர் நிறுத்தவில்லை. காதில் வைத்தபடியே கனகாம்பரத்துக்கு விலை சொல்லிக்கொண்டிருந்தார். அன்றைக்கு மார்க்கெட்டுக்குக் கனகாம்பரம் வரவே இல்லை.